வார்ல்பிரி ஊருக்குப் பொறுப்பேற்கப் போகும் தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சி,

ஆஸ்திரேலியாவின் நடுவே, ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரத்துக்கு வடமேற்கே, டனாமி சாலையை ஒட்டி, வார்ல்பிரி என்ற பூர்வகுடி மக்கள் வாழும் ஊரில் குடும்ப ஆதரவு மையத்தின் மேலாளராகப் போகிறாய் என்று அறிந்தேன். வேலை விவரத்தாளில் குழந்தைகளின் விளையாட்டுக் குழு, மதியச் சாப்பாடு, வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது, நிதி அறிக்கை என்று எல்லாம் எழுதியிருப்பார்கள். உறவுமுறை என்ற சொல் மட்டும் இருக்காது. ஆனால் யாரை வேலைக்கு வைப்பது என்பதிலிருந்து வண்டியில் யார் எங்கே உட்காருவது என்பது வரை அதுதான் தீர்மானிக்கும். அதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் நிர்வாகம்.

இதில் உனக்கு ஒரு வசதி உண்டு. ஆங்கிலத்தில் அத்தை, பெரியம்மா, சித்தி மூவருமே 'ஆன்ட்டி'. வார்ல்பிரியில் அப்படிக் கலக்க முடியாது. பெற்றவளும் அவள் அக்கா தங்கைகளும் 'ஙாத்தி', அதாவது அம்மா. அப்பாவும் அவர் அண்ணன் தம்பிகளும் 'கிர்டா'. அம்மாவின் அண்ணன் தம்பி 'ஙமிர்ணி', நம் தாய்மாமன். அப்பாவின் அக்கா தங்கை 'பிமிர்டி', நம் அத்தை. ஒரு குழந்தை நான்கு பெண்களைக் காட்டி "அம்மா" என்றால் படிவத்தில் குழம்பிப்போகும் அதிகாரிகள் உண்டு. நீ குழம்ப மாட்டாய். ஆனால் ரொம்பவும் நம்பிவிடாதே. நாம் தாத்தா, பாட்டி என்று இரண்டே சொல்லில் முடிப்பதை அவர்கள் நான்காகப் பிரிக்கிறார்கள்: அப்பாவின் அப்பா வாரிங்கியி, அப்பாவின் அம்மா யபர்லா, அம்மாவின் அப்பா ஜமிர்டி, அம்மாவின் அம்மா ஜாஜா. மாமன் மகள் முறைப்பெண் என்ற நம் கணக்கும் அங்கே அப்படியே செல்லாது.

இதற்கு மேல், பிறப்பால் வரும் எட்டு உறவுப் பிரிவுகள்; ஆங்கிலத்தில் 'ஸ்கின்' என்பார்கள், தோல் நிறத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆண் பெயர் 'ஜ'வில் தொடங்கும், பெண் பெயர் 'ந'வில். உனக்கும் ஒரு பெயர் தருவார்கள், தரும்வரை கேட்காதே. தந்த அன்றே ஊரே உனக்கு உறவாகிவிடும், சிலரிடம் நீ பேசவும் கூடாது என்றாகும். நிறம் நம் பக்கம்தானே என்று நினைக்காதே. அவர்கள் 'யாபா', அதாவது பூர்வகுடியினர்; நீ 'கார்டியா', அதாவது வெளியாள்.

நடைமுறையில் இது எங்கே வரும் என்று சொல்கிறேன். ஜபல்ஜாரி பிரிவு ஆணுக்கு நபனங்கா பிரிவுப் பெண்கள் மாமியார் முறை. மாமியாரும் மருமகனும் ஒரே அறையில் எதிரெதிரே இருக்கக் கூடாது, நேராகப் பேசக் கூடாது. மையத்துக்கு ஒரே கதவு என்றால் அவள் உள்ளே இருக்கும்வரை அவன் வெளியிலேயே நிற்பான். நீ "அப்பாக்கள் வருவதே இல்லை" என்று அறிக்கை எழுதிக்கொண்டிருப்பாய். பின்பக்கம் இன்னொரு கதவும், வெளியே நிழல் விழும் ஒரு பெஞ்சும் போடு. கூட்டம் என்றால் எல்லாரையும் வட்டமாக உட்கார வைக்காதே; அவரவர் இடத்தை அவரவர் எடுத்துக்கொள்ளட்டும்.

ஆள் எடுப்பது. மூன்று முழுநேர வேலைக்குப் பணம் இருந்தால் ஆறு பகுதிநேர ஆட்களை எடு, வெவ்வேறு குடும்பங்களிலிருந்து. மூவரும் ஒரே குடும்பம் என்றால் மையம் அந்த வீட்டு முற்றமாகிவிடும், மற்றவர்கள் வாசலோடு திரும்பிவிடுவார்கள். ஊரில் ஒரு சாவு விழுந்தால் ஒரு குடும்பமே வாரக்கணக்கில் துக்க முகாமுக்குப் போகும். அப்போதும் கதவைத் திறக்க இன்னொரு குடும்பத்தில் ஆள் இருக்கும், ஊர் முழுக்கத் துக்கம் என்றால் தவிர. அன்று பூட்டுவதுதான் சரி.

விடுப்பு விதி அவர்களுக்காக எழுதப்பட்டதல்ல. ஆஸ்திரேலியச் சட்டப்படி துக்க விடுப்பு ஒரு சாவுக்கு 2 நாள், அதுவும் 'நெருங்கிய குடும்பம்' அல்லது ஒரே வீட்டில் வசிப்பவர் என்றால்தான். அந்த வரையறையில் பெரியம்மா இல்லை. சமூக சேவைத் துறையின் ஊதிய விதியில் சடங்குக்கென்று ஆண்டுக்கு 10 வேலைநாள் விடுப்பு உண்டு, சம்பளம் இல்லாமல். நிர்வாகக் குழுவிடம் பேசி, ஙாத்தியும் கிர்டாவும் நெருங்கிய குடும்பமே என்று உங்கள் மையத்தின் விடுப்புக் கொள்கையில் முதல் மாதமே எழுதி வாங்கு. சாவு விழுந்த பிறகு பேசினால் அது சலுகையாகிவிடும், சலுகை சண்டையில் முடியும்.

சம்பளத்தில் இன்னொரு கண்ணி. சென்டர்லிங்க் என்ற அரசு அமைப்பிடம் உதவித்தொகை வாங்குபவர் 14 நாளுக்கு ஒருமுறை வருமானத்தைச் சொல்ல வேண்டும். 2020 டிசம்பரிலிருந்து, உழைத்த மணிக்கான கணக்கை அல்ல, அந்த நாட்களில் வழங்கப்பட்ட சம்பளத்தை, வரிப் பிடித்தத்துக்கு முந்தைய தொகையாகச் சொல்ல வேண்டும். நீ நேரத்தாளை ஒரு தவணை தாமதமாக அனுப்பினால் அடுத்த தவணையில் இரட்டைச் சம்பளம் விழும், உதவித்தொகை குறையலாம், "வேலைக்குப் போனால் நஷ்டம்" என்ற பேச்சு ஊரில் பரவும். நேரத்தாளை ஊழியரோடு உட்கார்ந்து நிரப்பு. சம்பளச் சீட்டை அச்சடித்துக் கையில் கொடு.

குழந்தைகளோடு வேலை செய்ய ஓக்கர் கார்டு என்ற அனுமதி அட்டை கட்டாயம், உனக்கும்தான். இரண்டு ஆண்டுதான் செல்லும். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், வங்கியில் ஒரு பெயர், மருத்துவ அட்டையில் வேறு பிறந்த தேதி என்று இருந்தால் விண்ணப்பம் நின்றுபோகும். பழைய வழக்கு இருந்தால் இன்னும் இழுக்கும். ஆனால் வழக்கு இருப்பதாலேயே மறுப்பு என்று பொருளல்ல, எனவே விண்ணப்பிக்கவிடாமல் தடுத்துவிடாதே. முடியும் தேதியைச் சுவரில் எழுதி, மூன்று மாதம் முன்பே புதுப்பிக்கத் தொடங்கு.

இனி, எல்லாரும் தயங்கும் விஷயம். அந்த ஊர் இருக்கும் நார்தர்ன் டெரிட்டரியில் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, குழந்தைக்குக் கேடு நடந்திருக்கிறது அல்லது நடக்கக்கூடும் என்று நம்பக் காரணம் உள்ள ஒவ்வொருவரும் புகார் செய்தாக வேண்டும். மேலாளர் மட்டுமல்ல, சமையல் செய்பவரும். ஆனால் அந்த ஊரில் 'வெல்ஃபேர்' என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்: பிள்ளையைத் தூக்கிப் போகிறவர்கள். பல பத்தாண்டுகள் அரசே பூர்வகுடிக் குழந்தைகளைப் பிரித்துக்கொண்டு போன நாடு அது. 2008 பிப்ரவரி 13 அன்றுதான் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்கள். ஆகவே எதையும் மறைக்காதே. ஒரு தாய் முதல்முறை வரும்போதே, மொழிபெயர்ப்பாளர் மூலம், "இப்படிப்பட்டதைப் பார்த்தால் நான் சொல்லியாக வேண்டும்" என்று சொல்லிவிடு. புகார் செய்யும்போது பார்த்ததையும் கேட்டதையும் மட்டும் எழுது; விசாரணை உன் வேலை அல்ல. குழந்தைகள் துறை அதிகாரிகளுக்கு உன் விளையாட்டறையைப் பேட்டி எடுக்கக் கொடுத்துவிடாதே. அவர்கள் வண்டி ஒரு நாள் வாசலில் நின்றால் போதும், வருகைப் பதிவேடு காலி.

பிள்ளையை எடுத்தே ஆக வேண்டும் என்றாலும் முதலில் உறவினர் வீடு, பிறகு அதே சமூகம் என்பதுதான் விதி. யார் அந்த உறவினர் என்று கடைசி நிமிடத்தில் தேடினால் யாரும் கிடைக்க மாட்டார்கள். எனவே பிரச்சினை இல்லாத நாளிலேயே ஜாஜாவை உட்கார வைத்து, பெரிய தாளில் குடும்ப வரைபடம் போடு: எத்தனை ஙாத்தி, யார் எந்த ஊரில், யாருக்கு ஓக்கர் கார்டு. வார்ல்பிரிச் சொற்களிலேயே எழுது. மையத்தில் இதைவிடப் பயனுள்ள காகிதம் வேறு கிடையாது.

கேள்வி கேட்கும் முறை தனி. "புதன்கிழமை சரியா?" என்றால் ஆமாம் சாமிதான் கிடைக்கும், மரியாதைக்காக. "எந்த நாளில் யாருக்கு முடியாது?" என்று கேள். கேட்டபின் சும்மா இரு. பல குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் காதில் சீழ் வந்து கேட்கும் திறன் குறைந்திருக்கும். முகம் பார்த்துப் பேசு, ஏசியின் அடியில் கூட்டம் வைக்காதே.

சாப்பாடு, துணிமணி, வண்டி பற்றிச் சுருக்கமாக. கொத்துக்கறி ஸ்டியூ நல்லது, இரும்புச்சத்துக்கு. சூடானது 60 டிகிரிக்கு மேல், குளிர்ந்தது 5க்குக் கீழ். இடைப்பட்ட சூட்டில் நாலு மணி நேரம் கடந்ததைக் கொட்டிவிடு. சலவை இயந்திரம்தான் உன் மையத்தின் பெரிய ஈர்ப்பு. கம்பளிகளை வெளியே கொடியில் போட்டு அடித்துச் செம்மண்ணை உதிர்த்த பிறகே உள்ளே போடு, இல்லையென்றால் பம்ப் ஒரே மாதத்தில் அடைத்துவிடும். வண்டிக்கு எழுத்தில் ஒரு விதி வை: குழந்தை இருக்கை எத்தனையோ அத்தனை குழந்தைகள்தான், இருட்டியபின் ஊருக்கு வெளியே போவதில்லை. இல்லையென்றால் கடைக்கு, தோட்டத்துக்கு, கால்பந்துக்கு என்று நாள் முழுக்க 'ஹம்பக்', அதாவது விடாத நச்சரிப்பு. "முடியாது" என்பதை உன் வாயால் சொல்லாமல், ஊர்ப் பெண்கள் குழு போட்ட விதி என்று சுவரைக் காட்டு.

சுவர் என்றதும் நினைவுக்கு வந்தது. குழந்தைகள், பாட்டிகள் படங்களை ஒட்டும்போது பசை வேண்டாம், வெல்க்ரோ போடு. இறந்தவரின் பெயரைச் சொல்லக் கூடாது, படத்தைக் காட்டக் கூடாது. அதே பெயருள்ள மற்றவர்களும் 'குமஞ்சாயி' ஆகிவிடுவார்கள், அதாவது அந்தப் பெயருக்குப் பதில் அப்படித்தான் அழைப்பார்கள், உன் வருகைப் பதிவேட்டிலும் அப்படித்தான். சேதி வந்த ஐந்து நிமிடத்தில் அந்தப் படம் கழன்று வர வேண்டும். திரும்ப எப்போது மாட்டலாம் என்று அந்தக் குடும்பம் சொல்லும், சில வருடம் கழித்துக்கூட.

அங்கே தங்கி வேலை செய்வதற்கான பெர்மிட்டை, அந்தப் பூர்வகுடி நிலங்களுக்கான அமைப்பான சென்ட்ரல் லேண்ட் கவுன்சிலில் இந்த வாரமே கேட்டு வை. புறப்படும்போது இரண்டு உதிரி டயரும், சாட்டிலைட் போனும், 20 லிட்டர் தண்ணீரும். வண்டி நின்றுவிட்டால் நடக்காதே, வண்டியோடே இரு.

அன்புடன்,
அக்கா