பாக்பஸ் மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

பிரித்தானியாவின் பழைய மழலையர் தொலைக்காட்சி பற்றிச் சென்ற வாரம் வந்த கட்டுரையில் ‘பாக்பஸ்’ பூனைக்கு முக்கால் பக்கம், ‘பிளே ஸ்கூல்’ நிகழ்ச்சிக்கு ஒரே வரி. இது நியாயமில்லை.

பாக்பஸ் அருமையானதுதான், மறுக்கவில்லை. ஆலிவர் போஸ்ட்கேட்டும் பீட்டர் ஃபிர்மினும் 1974இல் செய்தது மொத்தமே 13 பாகங்கள். பிபிசி அவற்றையே வருடக்கணக்கில் திரும்பத் திரும்பப் போட்டது. (எங்கள் வீட்டில் வாடகைக்கு எடுத்த கறுப்பு வெள்ளைப் பெட்டி. அந்தப் பூனையின் கோடுகள் இளஞ்சிவப்பு என்பதே எனக்கு வெகுகாலம் தெரியாது.) 13 பாகங்களும் பத்திரமாக இருக்கின்றன. எவரும் இன்றைக்குப் பார்க்கலாம், பார்த்துவிட்டுக் கட்டுரையும் எழுதலாம்.

பிளே ஸ்கூலின் கதை வேறு. 1964 ஏப்ரல் 20 இரவு பிபிசி 2 என்ற புதிய அலைவரிசை தொடங்குவதாக இருந்தது. பட்டர்சி மின்நிலையத்தில் தீப்பிடித்து, மின்சாரம் போய், எல்லாம் நின்றுவிட்டது. மறுநாள் காலை 11 மணிக்குத் திட்டப்படி முதலில் வந்தது பிளே ஸ்கூல்தான். 1988 வரை ஓடியது. ஆயிரக்கணக்கான நிகழ்ச்சிகள், அவற்றில் பெரும்பகுதியை பிபிசியே அழித்துவிட்டது. இல்லாத நாடாவைப் பார்த்து யார் முக்கால் பக்கம் எழுதுவார்கள்?

நான் 1977இல் கல்யாணமாகி யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள். ஞாயிறு காலையில் ஆசியர்களுக்கென்று ஒரு நிகழ்ச்சி போடுவார்கள். ஹிந்தியும் உருதும், எங்களுக்கு ஒன்றும் விளங்காது. எனக்கும் மூன்று வயது மகளுக்கும் சரிவந்தது பிளே ஸ்கூல்தான். அவசரப்படாமல் கதைப்பார்கள். ஒரு கேள்வி கேட்டால், பிள்ளை பதில் சொல்லட்டும் என்று கொஞ்சம் நிறுத்துவார்கள். அந்த இடைவெளியில் இவள் தமிழில் பதில் சொல்வாள். பேரப்பிள்ளைகள் பார்க்கும் கார்ட்டூன்களில் மூச்சுவிடவே இடமில்லை, பிள்ளை எங்கே பதில் சொல்வது?

அப்புறம் நிகழ்ச்சியில் வரும் அந்த யன்னல்கள். வட்டம், சதுரம், வளைவு: இன்று எதற்குள்ளால் பார்க்கப்போகிறோம் என்று இரண்டு பேரும் பந்தயம் பிடிப்போம். யன்னலுக்குள்ளால் ஒரு சின்னப் படம் காட்டுவார்கள்: ஒரு நாள் பேக்கரி, ஒரு நாள் பால் பண்ணை. இந்த நாடு எப்படி வேலை செய்கிறது என்று நானும் அப்படித்தான் பார்த்துக்கொண்டேன்.

பிரையன் கான்ட் என்றொரு தொகுப்பாளர் வருவார். அவரை வேலைக்கு எடுக்குமுன் ஓர் அட்டைப் பெட்டியைக் கொடுத்து, அதற்குள் இருந்து கடலுக்குப் படகு வலித்துக் காட்டச் சொன்னார்களாம். 1976இல் வந்து சேர்ந்தவர் டிரினிடாடில் பிறந்த ஃபுளோயெல்லா பெஞ்சமின். தலை நிறையச் சின்னச் சின்னப் பின்னல், ஒவ்வொன்றிலும் கோத்த பாசிமணி. கதைப் படங்களில் ஏன் வெள்ளைப் பிள்ளைகள் மட்டும் என்று தயாரிப்பாளர்களிடம் கேட்டவர் அவர். இன்று பிரபுக்கள் சபையில் இருக்கிறார். மகளுக்கும் அதே மணிப் பின்னல் வேண்டுமென்று ஒரே அழுகை. எனக்குத் தெரிந்ததோ இரட்டைப் பின்னலும் ரிப்பனும். 1986இல் நிகழ்ச்சியில் இருந்த ஹாம்பிள் என்ற பொம்மையை எடுத்துவிட்டு, பாப்பி என்ற கறுப்புப் பொம்மையை வைத்தார்கள். மகள் அதற்குள் பள்ளிக்கூடம் போய்விட்டாள்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். எண்பதுகளில் நம்மவர் வீடுகளுக்கு வீடியோ டெக் வந்தபோது, பிள்ளைகளுக்காக இதைப் பதிந்து வைத்தவர்கள் இருப்பீர்கள். தொலைந்த நிகழ்ச்சிகள் சில இப்படி வீடுகளில் கிடந்த பதிவுகளாகத்தான் பிபிசிக்குத் திரும்பிக் கிடைத்திருக்கின்றன. கல்யாண வீட்டுக் கசெட்டுகளைக் குப்பையில் போடுமுன் ஒருக்கால் ஓடவிட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டுக் கசெட்டை நம்ப வேண்டாம். அதன் மேல் என் வீட்டுக்காரர் 1984 லார்ட்ஸ் கிரிக்கெட் டெஸ்டில் இலங்கையின் வெத்தமுனி அடித்த 190ஐப் பதிந்துவிட்டார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஈஸ்ட்ஹாம், லண்டன்.