மாருதி எண்ணூறை விற்பதற்கு முன்னால், மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

என் மச்சான் வாங்கிய மாருதி எண்ணூறு காரைக் கொடுத்துவிட்டுப் புது எஸ்.யூ.வி. எடுக்கலாமா என்று கேட்டாய். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை, அதனால் எழுதுகிறேன்.

புது வண்டியின் மேல் ஆசைப்படுவதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். பெரிய திரை, மேல்கூரையில் கண்ணாடி, பட்டனைத் தொட்டால் ஸ்டார்ட். எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மூன்றாவது வருஷம் அதில் பாதி கண்ணிலேயே படாது. இன்சூரன்ஸ் கணக்கைப் பார்: 6 மாதம் தாண்டினால் வண்டி மதிப்பில் 15 சதவீதம் கழிக்கிறார்கள், 4 வருஷம் தாண்டினால் பாதி. கடன் தவணை மட்டும் கடைசி மாதம் வரை அப்படியே நிற்கும்.

எண்ணூறு 1983-இல் வந்து 2014 வரை தயாரான வண்டி. 796 சி.சி., மூன்று சிலிண்டர். அதைப் பிரித்து மாட்டிப் பழகாத மெக்கானிக் நம் பக்கம் குறைவு. புது வண்டியில் ஒரு சென்சார் கோளாறு என்றால் ஸ்கேனர் உள்ள இடத்தைத் தேடிப் போக வேண்டும்.

இதெல்லாம் எந்த ஊருக்கும் பொருந்தும். நம் ஊருக்கு வேறு கணக்கு இருக்கிறது. கடலோர ஊரான நம் மண்டபத்தில் வண்டிக்கு வயதாவது கிலோமீட்டரால் இல்லை, உப்பால். பாம்பன் பாலத்தில் காற்றடிக்கும்போது சாரல் கண்ணாடியில் படிவதைத் துடைத்துவிடுகிறோம், அடியில் படிவதை யார் பார்க்கிறார்கள்? உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், இரும்பைக் காய விடாது. அரிப்பு பிடிக்கும் இடங்கள்: சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவு, சைலன்சர், பேட்டரி டெர்மினல், அப்புறம் கதவின் அடி. கதவின் அடியில் தண்ணீர் வடியச் சின்ன ஓட்டைகள் உண்டு. தனுஷ்கோடி மணல் அவற்றை அடைத்துவிட்டால் கதவு உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பெயின்ட் கொப்பளிக்கும்போது தகடு போயே போயிருக்கும், பட்டி வைத்து மூடுவதெல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான். இன்றைய வண்டிகளில் துத்தநாகம் பூசிய தகடு அதிகம், ஆனாலும் ஒரு கல் தெறித்து பெயின்ட் பெயர்ந்தால் உப்புக்கு அது போதும். ஈர வண்டியைக் கவர் போட்டு மூடுவதும் கெடுதல், ஈரம் உள்ளேயே நிற்கும்.

மச்சான் அந்த எண்ணூறை அடிப்பக்கம் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, காய வைத்துத்தான் நிறுத்துவார். அதனால்தான் 15 வருஷம் தாண்டியும் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று எடுத்து, ஆர்.சி. என்கிற பதிவுச் சான்றைப் புதுப்பிக்க முடிந்தது. உச்சிப்புளி சந்தைக்கும் ராமேஸ்வரத்துக்கும் அது இன்னும் தாராளமாகப் போகும்.

ஆனால் நீ மாதாமாதம் குழந்தைகளோடு மதுரைக்குப் போகிறாய். நான்குவழிச் சாலையில் லாரிகளுக்கு நடுவே அந்த மெல்லிய தகடு எனக்குப் பயமாக இருக்கிறது. புதுக் கார்களில் 2019 முதல் ஏ.பி.எஸ். (சடன் பிரேக் போட்டாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது) கட்டாயம், டிரைவருக்கு ஏர்பேக்கும் அதே வருஷம் கட்டாயமானது. இந்த ஒரு காரணத்துக்காகப் புதுசு வாங்கு என்பேன். திரைக்காக என்றால் வேண்டாம்.

திரை சின்னதாக உள்ள மாடலை எடு. மிச்சமாகும் காசில் ஆறு ஏர்பேக் உள்ளதா என்று பார், முதல் வாரமே அடிப்பக்கம் துருப்பிடிக்காமல் இருக்க அண்டர் கோட்டிங் அடித்துவிடு. எண்ணூறை விற்காதே, என் அக்காவுக்கு ஆஸ்பத்திரி போகவர இருக்கட்டும். ஷோரூமுக்கு நானும் வருகிறேன், வண்டியை லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கத்தைக் காட்டச் சொல்வோம்.

அன்புடன்,
மாமா