மீதி மூன்று விரல்கள்

அன்பு மகளுக்கு,

உன் அம்மாவும் நானும் நலம். இந்த இலையுதிர் காலத்து வாரயிறுதிகளுக்காக நீ தயாரித்து அனுப்பிய அட்டவணையை நேற்று இரவு முழுவதுமாகப் படித்தேன். எட்டு வாரங்களுக்குப் பதினொரு பயணங்கள். அவற்றில் மூன்று, வண்டியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போக வேண்டியவை. ஐந்து வயதுப் பையனையும் இரண்டரை வயதுச் சின்னவளையும் வைத்துக்கொண்டு இதெல்லாம் முடியாது என்று நான் சொல்லப்போவதில்லை. எடுத்ததை முடித்துவிடும் பிடிவாதம் உனக்கு உண்டு. அது என்னிடமிருந்து வந்தது என்பதால்தான் இந்தக் கடிதம்.

உனக்கு நான்கு வயதானபோது, மலைச்சரிவு முழுவதும் நிறம் மாறி நிற்பதை உனக்குக் காட்டியே தீருவது என்று, விடியும் முன்பே உன்னை எழுப்பி வண்டியில் ஏற்றினேன். வழியில் இரண்டு முறை வாந்தி எடுத்தாய். உச்சியிலிருந்த மேடைக்கு உன்னைத் தோளில் சுமந்துகொண்டு ஏறியபோது மூடுபனியில் எதிரே எதுவுமே தெரியவில்லை. இறங்கி வந்து புறப்படும் நேரத்தில், வண்டி நிறுத்தும் இடத்தின் ஓரமாக நின்ற ஓக் மரத்தடியில் நீ சம்மணமிட்டு உட்கார்ந்து, உதிர்ந்து கிடந்த கொட்டைகளின் குல்லாய்களைக் கழற்றி ஒவ்வொரு விரல் நுனியிலும் மாட்டத் தொடங்கினாய். பத்து விரலுக்கும் பொருத்தமான குல்லாய் கிடைக்கும்வரை எழ மாட்டேன் என்றாய். ஏழாவது விரலில் என் பொறுமை போய்விட்டது. உன்னைத் தூக்கி இருக்கையில் உட்கார வைத்துவிட்டேன். அந்தப் பயணத்தைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நீ மலையைச் சொன்னதே இல்லை. மீதி மூன்று விரல்களைத்தான் சொல்வாய்.

சென்ற ஆண்டு நாங்கள் உன் வீட்டில் தங்கியிருந்தபோது, நீ வேலைக்குப் போன பிறகு, பத்து நிமிட நடைதூரத்தில் இருக்கும் பூங்காவுக்குப் பெரியவனும் நானும் போய்ச்சேர ஒன்றரை மணி நேரம் ஆகும். வேண்டுமென்றே தாமதித்தோம் என்று நினைக்காதே. மேப்பிள் விதைகளை அவன் உயரத் தூக்கிப் போட்டு, அவை ஒற்றைச் சிறகோடு சுழன்று சுழன்று இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருப்பான்; சிறகைக் கிள்ளிவிட்டால் அதே விதை கல்லைப் போல நேரே விழுகிறது என்பதை, நான் சொல்லாமல் அவனே கண்டுபிடித்தான். அடுத்த அரை மணி நேரம் ஒவ்வொரு விதைக்கும் அந்தச் சோதனை நடந்தது. பூங்காவுக்குள் போனோமா என்று கேட்டால், பல நாட்கள் வாசலோடு திரும்பிவிட்டோம்.

‘மரம் ஏன் தன் இலையைத் தூக்கி எறிகிறது?’ என்று ஒருநாள் கேட்டான். குளிரில் உறைந்த மண்ணிலிருந்து வேர் நீரெடுப்பது கடினம், அகன்ற இலையோ நீரை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும், ஆகவே மரம் இலையிலுள்ள சத்தில் முடிந்ததை உள்ளே இழுத்துக்கொண்டு, காம்பின் அடியில் தக்கை போன்ற ஒரு தடுப்பைக் கட்டி அதை விட்டுவிடுகிறது என்று சொன்னேன். பச்சையம் சிதைந்த பிறகு தெரியும் மஞ்சள், கோடை முழுவதும் அந்த இலைக்குள்ளேயே மறைந்திருந்ததுதான். சிவப்பு மட்டும் பெரும்பாலும் அந்த வாரங்களில் புதிதாக உண்டாவது. வெயிலடிக்கும் பகலும், உறையாத அளவுக்குக் குளிர்ந்த இரவும் தொடர்ந்து வந்தால் சிவப்பு நன்றாக ஏறும். மழையும் மூட்டமும் வந்தால் மங்கிவிடும். ஆகஸ்டிலேயே முன்பதிவு செய்யும் உன் அட்டவணைக்கு இது எப்படித் தெரியும்? உங்கள் தெருமுனையில் நிற்கும் கிங்கோ மரத்தையே எடுத்துக்கொள். பல மரங்கள் வாரக்கணக்கில் உதிர்க்க, அது பெரும்பாலும் ஓரிரு நாட்களில் மொத்தத்தையும் கொட்டிவிடும். அந்தக் காலையில் வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் அது கிடைக்கும்.

நேரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். செப்டம்பர் 22 அல்லது 23 வாக்கில் பகலும் இரவும் ஏறக்குறையச் சமமாகி, அதற்குப் பிறகு இரவு பகலைவிட நீண்டுகொண்டே போகும். சின்னவள் பிற்பகல் தூங்கி எழுந்து, உடுத்திப் புறப்படுவதற்குள் வெளிச்சம் போய்விடும் என்பதால், வெளியே போவதைக் காலைக்கு மாற்றிக்கொள். ஆனால் இந்த இருட்டில் ஒரு லாபமும் உண்டு. கோடையில் நட்சத்திரம் வருவதற்குள் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள்; இப்போது இரவு உணவுக்கு முன்பே வாசலில் நின்று வானத்தைக் காட்டலாம். பத்து நிமிடம் போதும், செருப்பை மாட்டிக்கொண்டு வந்தால் போதும்.

மழை நாளுக்கு உன் அம்மாவின் யோசனை: விரிந்த பைன் காய் ஒன்றைத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டு வை. நனைந்ததும் செதில்கள் மெல்ல மூடிக்கொள்ளும். எடுத்து உலர வைத்தால் மறுபடி விரியும். இலையின் நரம்புள்ள அடிப்புறத்தை மேலே வைத்து, அதன்மேல் தாளைப் பரப்பி, மெழுகு வண்ணக்குச்சியைப் படுக்கவைத்துத் தேய்த்தால் இலை முழுசாகத் தாளில் எழுந்துவரும். சின்னவளுக்கு இதுகூட வேண்டாம். காய்ந்த இலைகளைக் கையால் நொறுக்கும் சத்தமே அவளுக்குப் போதும், அதைத் துடைப்பத்தால் பெருக்குவதுதான் உனக்கு வேலை.

காளான்களைப் பார்க்கலாம், தொட்டு வாயில் வைக்கக் கூடாது என்பதை இருவருக்கும் தினமும் சொல். புல்வெளியிலிருந்து திரும்பியதும் முழங்காலின் பின்புறத்திலும் காதோரத்திலும் உண்ணி இருக்கிறதா என்று பார்த்துவிடு. நனைந்த இலைகளின் மேல் கால் வழுக்கும்; இது குழந்தைகளைவிட எனக்குத்தான் பொருந்தும் என்று உன் அம்மா சொல்கிறாள். மாற்றுக் காலுறை இரண்டு ஜோடி எப்போதும் பையில் இருக்கட்டும்.

பெரியவன் ஒரு தகர டப்பாவில் சேர்த்த ஓக் கொட்டைகளை நினைவிருக்கிறதா? நாங்கள் கிளம்பும் முந்தைய நாள் அந்த டப்பாவைத் திறந்து, உள்ளே நெளிந்த புழுக்களைப் பார்த்து நீ அலறிய அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. கொட்டைக்குள் முட்டையிலிருந்து வளர்ந்த கூன்வண்டுப் புழு, கொட்டை விழுந்த பிறகு வட்டமாகத் துளையிட்டு வெளியே வருவது இயல்பு. டப்பாவை நீ குப்பையில் போடச் சொன்னாய். அவனும் நானும் அதைத் தோட்டத்து மண்ணில் கவிழ்த்தோம், ஏனென்றால் அந்தப் புழு மண்ணுக்குள்தான் போக வேண்டும். இதை உன்னிடம் இதுவரை சொல்லவில்லை.

அக்டோபர் இரண்டாவது வாரம் நாங்கள் வருகிறோம். அந்தச் சனிக்கிழமைக்கு நீ குறித்திருக்கும் இடத்தை அடித்துவிடு. மாப்பிள்ளை கொஞ்ச நேரம் கூடுதலாகத் தூங்கட்டும். நீ எங்களோடு பூங்கா வாசல்வரை வா. அங்கேயும் ஓர் ஓக் மரம் இருக்கிறது, எனக்கு எந்த அவசரமும் இல்லை.

அன்புடன்,
அப்பா