நிலக்கரிக்காரர்களின் ஊரிலிருந்து

மொண்டேவீடியோ, உருகுவே,
ஜூலை 20

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் தம்பியும் நலம்தானே? போனில் "சாப்பிட்டியா, குளிருதா" என்று இரண்டே கேள்வி கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள். கடிதமானால் முழுசாகப் படித்துத்தானே ஆகவேண்டும்.

முதலில் அந்த இரண்டு கேள்விக்கும் பதில். குளிருகிறது. இங்கே ஜூலைதான் நடுக்குளிர் காலம். ஆடிக் காற்றில் அம்மியும் நகரும் என்பீர்களே, ஆற்றங்கரைச் சாலையில் அடிக்கிற காற்றில் நானே இரண்டு அடி நகர்ந்துவிட்டேன். ஆறு என்றா சொன்னேன், எதிர்க்கரையே தெரியாது. தண்ணீர் மட்டும் வெள்ளம் வந்த காவிரி மாதிரி கலங்கல். சாப்பாட்டுக்குக் குறையில்லை. அரிசி இங்கேயே விளைகிறது, ஏற்றுமதியும் செய்கிறார்கள். கறிவேப்பிலைதான் கண்ணில் படவே இல்லை. நாட்டில் மொத்தம் 35 லட்சம் பேர், மாடுகள் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல். எந்த விருந்துக்குப் போனாலும் அடுப்பு நிறைய இறைச்சி. நான் சாலட்டும் ரொட்டியும் சாப்பிடுவதை உடம்பு சரியில்லாதவளைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்கள். மழை பெய்தால் வீட்டுக்கு வீடு 'தோர்த்தா ஃப்ரித்தா' சுடுகிறார்கள். நம் பூரிக்கு அண்ணன். மழைக்கும் எண்ணெய்ச் சட்டிக்கும் உள்ள உறவு எல்லா ஊரிலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

போன மாதம் நீங்கள் மூன்றாவதாக ஒரு கேள்வி கேட்டீர்கள். "அங்கே ரயில் உண்டா?" உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது தெரியும், ஆனால் அது கால்பந்து வழியாகத்தான் வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கட்டடத்துக்கு ஒரு வாட்ச்மேன் தாத்தா இருக்கிறார். அக்குளில் வெந்நீர் பிளாஸ்க், கையில் மத்தே குடுவை. மத்தே என்பது ஒரு கசப்பு இலைக் கஷாயம். உலோகக் குழலால் உறிஞ்சிக் குடிப்பார்கள். குடிவந்த இரண்டாம் நாளே என்னை நிறுத்தி, "நீ பெஞரோலா, நசியோனாலா?" என்றார். இரண்டும் இந்த ஊரின் பெரிய கால்பந்து கிளப்புகள். உங்கள் காலத்து எம்.ஜி.ஆரா சிவாஜியா மாதிரிதான். இந்த ஊரில் யாரும் இரண்டுக்கும் நடுவில் நிற்க முடியாது. எனக்குக் கால்பந்து தெரியாது, என் அப்பா ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர் என்றேன். தாத்தா குடுவையைக் கீழே வைத்தார். "அப்படியானால் உனக்கு வேறு வழியே இல்லை, பெண்ணே. நீ பிறந்ததிலிருந்தே பெஞரோல்."

பெஞரோல் ஒரு ஊரின் பெயர். இத்தாலியில் பினெரோலோ என்ற ஊரிலிருந்து பதினெட்டாம் நூற்றாண்டில் வந்து குடியேறிய ஒருவரால் வந்த பெயர், பேச்சில் தேய்ந்து இப்படி ஆயிற்று. நடுவில் இருப்பது அச்சு அசல் நம் 'ஞ'. அலுவலகத்தில் மற்ற வெளிநாட்டுக்காரர்கள் அதற்குத் திணறும்போது நான் மட்டும் சுலபமாகச் சொல்லிவிடுகிறேன்.

நகருக்கு வடக்கே இருக்கும் அந்த இடத்தில்தான் உருகுவே மத்திய ரயில்வே என்ற ஆங்கிலேயக் கம்பெனி தன் பட்டறையை அமைத்தது. 1891 செப்டம்பர் 28 அன்று அங்கே வேலை செய்தவர்கள் 118 பேர் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். 72 பேர் ஆங்கிலேயர், 45 பேர் உருகுவேக்காரர்கள், ஒரே ஒரு ஜெர்மன்காரர். சங்கத்தின் பெயர் என்ன தெரியுமா? மத்திய உருகுவே ரயில்வே கிரிக்கெட் கிளப்! நீங்கள் சிரிப்பது இங்கே கேட்கிறது. கிரிக்கெட் சீக்கிரமே ஓரங்கட்டப்பட்டது, கால்பந்து நின்றது. சட்டைக்கு ரயில்வேயின் மஞ்சளும் கறுப்பும். இன்றைக்கும் அதே நிறம், இன்றைக்கும் ரசிகர்களுக்குக் 'கார்போனெரோ' என்றுதான் பெயர். நிலக்கரிக்காரன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தாத்தாவே என்னை அந்தப் பேட்டைக்குக் கூட்டிப்போனார். அப்பா, செங்கல் பட்டறை, அதைச் சுற்றி வரிசை வீடுகள், சின்னதாக ஒரு ஸ்டேஷன். நம் பொன்மலை ஆர்மரி கேட் பக்கம் நிற்கிறேனோ என்று ஒரு நிமிடம் தோன்றியது. இல்லாதது சங்குச் சத்தமும் ஞாயிற்றுச் சந்தையும்தான்.

1900-ல் நாட்டின் முதல் லீக் நடந்தது. ஆடியது நாலே அணிகள். கோப்பை ரயில்வே அணிக்கு. அப்புறம்தான் வம்பு. ஆட்டத்துக்காகத் தொழிலாளிகள் வேலைக்கு வராமல் போவது, ரசிகர்கள் ரயில் பெட்டிகளைச் சேதப்படுத்துவது என்று கம்பெனிக்குத் தலைவலி. கடைசியில், 1913 முடிந்து 14 பிறக்கும் நேரத்தில், கால்பந்துப் பிரிவு கம்பெனியிலிருந்து கழன்று 'கிளப் அத்லெதிகோ பெஞரோல்' ஆனது. இதைத்தான் எதிர்க்கட்சி இன்றுவரை பிடித்துக்கொண்டிருக்கிறது. நசியோனால் 1899-ல் மாணவர்கள் தொடங்கிய கிளப். "உங்கள் வயது 1913-லிருந்துதான், ரயில்வே கிளப் வேறு, அது 1915 வரை தனியாக இருந்ததே, ஆகவே மூத்தவர்கள் நாங்கள்" என்பது அவர்கள் வாதம். நூறு வருஷத்துக்கு மேலாக நடக்கும் பங்காளிச் சண்டை.

நான் தாத்தாவிடம் நம் கதையைச் சொன்னேன். பொன்மலைப் பட்டறை 1928-ல் எஸ்.ஐ.ஆர். என்ற தென்னிந்திய ரயில்வே கம்பெனி காலத்தில் வந்தது, 1951-ல் தெற்கு ரயில்வே என்று பெயர் மாறியது. அதற்காகப் பட்டறை 1951-ல் பிறந்தது என்று யாராவது சொல்வார்களா என்றேன். அன்றிலிருந்து கட்டடத்துக்கு வரும் ஒவ்வொரு நசியோனால்காரரையும் பிடித்து, "இந்தியாவில் என்ன நடந்தது தெரியுமா" என்று தொடங்குகிறார். உண்மையைச் சொன்னால், 1915 விஷயத்தில் அவர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. இதைத் தாத்தாவிடம் சொல்லவில்லை.

நீங்கள் கேட்டால் விடவே மாட்டீர்கள் என்று எனக்குத் தெரிந்த ஒரு ஆள் உண்டு. ஒப்துலியோ வரேலா. கறுப்பினத்தவர், ஏழை வீட்டுப் பிள்ளை, சின்ன வயதில் தெருவில் பேப்பர் விற்றவர். 1943-ல் பெஞரோலுக்கு வந்தார். 1948-ல் உருகுவே ஆட்டக்காரர்கள் எல்லாரும் வேலைநிறுத்தம் செய்தார்கள், மாதக்கணக்கில். முன்னால் நின்றவர் இவர். 74 ரயில்வே வேலைநிறுத்தத்தில் இருபது நாள் நீங்கள் வீட்டுக்கே வரவில்லை என்று பாட்டி சொல்வார்களே, அது நினைவுக்கு வந்தது. பின்னாளில் கிளப் சட்டையில் விளம்பரம் போட்டபோது மற்ற பத்துப் பேர் போட்டுக்கொண்டார்கள், இவர் மட்டும் பழைய சட்டையோடு இறங்கினார் என்கிறார்கள்.

1949-ல் ரயில்வே ஆங்கிலேயர் கையிலிருந்து அரசுக்கு வந்தது. மறு வருஷம் ஜூலை 16, ரியோவின் மரக்கானா மைதானம், உலகக் கோப்பையின் கடைசி ஆட்டம், உருகுவேயும் பிரேசிலும். பிரேசிலுக்கு டிரா போதும். கூட்டம் இரண்டு லட்சத்தை நெருங்கியது. இடைவேளை முடிந்ததும் பிரேசில் கோல் போட்டது. உருகுவே கேப்டன் வரேலா என்ன செய்தார் தெரியுமா? பந்தை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, மெதுவாக நடந்துபோய் நடுவரிடம் வாதம் செய்தார். கோல் சரியான கோல்தான், அவருக்கும் தெரியும். அந்தக் கூட்டத்தின் வாயை அடைக்கக் கொஞ்ச நேரம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். பிறகு ஸ்கியாஃபினோ ஒன்று, 79-வது நிமிடத்தில் கிஜ்ஜியா ஒன்று. இரண்டுக்கு ஒன்று. இருவருமே பெஞரோல்காரர்கள், கோல்காத்த மாஸ்போலியும்தான். அன்றிரவு வரேலா ரியோவின் மதுக்கடைகளில் அழுதுகொண்டிருந்த பிரேசில்காரர்களோடு உட்கார்ந்து குடித்தாராம். கிஜ்ஜியா 2015-ல் இறந்தார், அதே ஜூலை 16 அன்று. நாலு நாள் முன்புதான் அந்தத் தேதி போயிற்று. தாத்தா காலையிலேயே சட்டைப்பையில் மஞ்சள் கறுப்பு ரிப்பன் குத்தியிருந்தார்.

அதற்குப் பிறகு கோப்பைகள்தான். தென் அமெரிக்காவின் பெரிய கோப்பையான லிபர்ட்டடோரெஸ் 1960-ல் தொடங்கியது. முதல் கோப்பையே பெஞரோலுக்கு. 61, 66, 82, 87 என்று மொத்தம் ஐந்து. ஈக்வடாரிலிருந்து வந்த ஸ்பென்சர் அந்தப் போட்டியில் போட்ட 54 கோலை இன்னும் யாரும் தாண்டவில்லை. எல்லாவற்றையும் எழுதினால் தபால் செலவு தாங்காது. 87 மட்டும் சொல்கிறேன்.

சிலி நாட்டின் சந்தியாகோவில் மூன்றாவது, கடைசி ஆட்டம். எதிரே கொலம்பியாவின் அமெரிக்கா தே காலி. டிரா ஆனாலே கோப்பை அவர்களுக்கு. 90 நிமிடம் கோல் இல்லை, கூடுதல் நேரமும் தீரப்போகிறது. தாத்தா இங்கே சமையலறையில் ரேடியோவை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்துவிட்டாராம், தோற்பதைக் கேட்க வேண்டாமென்று. தெருவே திடீரென்று கத்தியிருக்கிறது. 120-வது நிமிடத்தில், விசில் ஊத சில வினாடி இருக்கும்போது, தியேகோ அகிர்ரே அடித்துவிட்டார். "என் வாழ்க்கையின் பெரிய கோலை நான் கேட்கவில்லை" என்று இன்றும் தலையில் அடித்துக்கொள்கிறார்.

அது அக்டோபர் கடைசி. இரண்டே மாதத்தில், 1988 பிறந்ததும், அரசு பயணிகள் ரயிலையே நிறுத்திவிட்டது. பிறகு சில தடங்களில் மட்டும் திரும்ப ஓடியது. நகர நடுவில் இருக்கும் பெரிய சென்ட்ரல் ஸ்டேஷன் 2003-லிருந்து பூட்டிக் கிடக்கிறது. வாசலில் சிலைகளெல்லாம் வைத்துக் கட்டிய அழகான கட்டடம். நீங்கள் பார்த்தால் சங்கடப்படுவீர்கள், அதனால் படம் அனுப்பவில்லை.

ஆக உங்கள் கேள்விக்குப் பதில்: ரயில் கொஞ்சம்தான் இருக்கிறது. நிலக்கரிக்காரர்கள் நிறைய இருக்கிறார்கள். போன மாதம் ஆட்டம் பார்க்கப் போனேன். 2016-ல் கட்டிய சொந்த மைதானம், 40,000 பேர் உட்காரலாம். அங்கே முதல் கோல் அடித்தவர் தியேகோ ஃபோர்லான்; அவர் அப்பா 66-ல் கோப்பை வென்ற அணியில் ஆடியவர். எனக்கு ஆஃப்சைடு இன்னும் புரியவில்லை. பக்கத்தில் இருந்த கல்லூரிப் பையனிடம் எங்கே நிலக்கரி பார்த்திருக்கிறாய் என்று கேட்டேன். படத்தில் என்றான்.

தாத்தாவுக்கு ஒரு உதவி வேண்டுமாம். நீலகிரி மலை ரயிலுக்குப் பொன்மலையில் செய்த நீராவி எஞ்சின் முன்னால் நீங்களும் செட் ஆட்களும் நிற்கும் படம் இருக்கிறதே, நடு அறையில் காலண்டருக்குப் பக்கத்தில்? அதைத் தம்பியை விட்டுப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வாசலில் தன் மேசைக்கு மேல் ஒட்டுவதற்கு இடம் ஒதுக்கி வைத்துவிட்டார். நீங்கள் எந்த வரிசையில் எத்தனையாவது ஆள் என்பதையும் எழுதுங்கள், அவர் கேட்பார்.

அம்மாவிடம் கறிவேப்பிலைப் பொடி என்று மட்டும் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள்.

உங்கள் அன்பு மகள்