புள்ளிக்கு வால் முளைக்காமல் பார்த்துக்கொண்டவர்களுக்கு

தண்டையார்பேட்டையிலும் கொருக்குப்பேட்டையிலும் பெரம்பூரிலும் ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் இருக்கிற என் அன்பானவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கேரம் கிளப் பின்சுவரில் பச்சை வெளிச்சத்தில் ‘நன்றி’ என்று எழுதிக் காட்டினேன். மூன்று நிமிடம் நின்றது, அணைத்துவிட்டேன். அந்த ஒரு வார்த்தை அங்கே வந்து நிற்க எட்டு மாதம் ஆனது. யாருக்கு, எதற்கு என்று அதில் எழுத இடமில்லை. அதனால் இந்த மடல்.

நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதே உங்களில் சிலருக்குத் தெரியாது. தெரியாமலேயே உதவினீர்கள். லேசர் என்பது சுவரில் ஒரு புள்ளி, அவ்வளவுதான். அந்தப் புள்ளியை இரண்டு குட்டிக் கண்ணாடிகள் ஆட்டுகின்றன. ஒன்று இடவலமாக, இன்னொன்று மேலும் கீழுமாக. ஒரே உருவத்தை ஒரு நொடிக்கு இருபது, இருபத்தைந்து தடவை திரும்பத் திரும்பப் போட்டால், நம் கண் அதைக் கோடாகப் பார்க்கிறது. கண்ணாடியை ஆட்டும் அந்தச் சின்ன மோட்டாருக்குக் கால்வோ என்று பெயர். இரண்டு கால்வோ, அவற்றின் டிரைவர் போர்டுகள், ஒரு லேசர், சிக்னல் கொடுக்க ஒரு சர்க்யூட், இது எல்லாம் சேர்ந்ததுதான் ஸ்கேனர்.

முதல் நன்றி எங்கள் நைனாவுக்கு. மைக் செட் கடையில் ஓரமாகக் கிடந்த எட்டு அங்குல ஸ்பீக்கர் இரண்டை எடுத்துக் கொடுத்தார். கூம்பின் நடுவில் சின்னக் கண்ணாடித் துண்டை ஒரு ஓரத்தில் மட்டும் ஒட்டி, போனில் இருந்து ஒரு சீரான ஒலியை விட்டால் கண்ணாடி ஆடும். ஒரு ஸ்பீக்கரில் பட்ட வெளிச்சத்தை அடுத்த ஸ்பீக்கருக்குத் திருப்பினால் சுவரில் வளையம் வரும், எட்டு மாதிரி முடிச்சு வரும். 1857-ல் லிசாழு என்கிற பிரெஞ்சுக்காரர் இசைக்கவையில் கண்ணாடி ஒட்டி இதையேதான் செய்தார். அந்த உருவங்களுக்கு இன்றைக்கும் அவர் பெயர்தான். கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நானும் நைனாவும் ஒரு மணி நேரம் அந்த வளையங்களையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம் நான் ‘அ’ எழுதப் பார்த்தேன். வரவே இல்லை. நைனா சொன்னார்: “ஸ்பீக்கர் காத்தத் தள்ளத்தான்டா செஞ்சது. இங்க நில்லுன்னா நிக்காது.”

பிரச்சினை முழுக்க அந்த வாக்கியத்தில் இருக்கிறது. எழுத்து எழுத வேண்டுமென்றால் கண்ணாடி சொன்ன இடத்தில் நிற்க வேண்டும். கால்வோவுக்குள் ஓர் உணரி இருக்கிறது, கண்ணாடி இப்போது எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று டிரைவர் போர்டுக்கு அது சொல்லிக்கொண்டே இருக்கும். போக வேண்டிய இடத்துக்கும் இருக்கிற இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்து போர்டு மோட்டாரைத் தள்ளும். ஸ்பீக்கருக்கு அப்படி ஒரு கண் கிடையாது.

ரிச்சி ஸ்ட்ரீட் அண்ணே, உங்களிடம் நான் கேட்டது நொடிக்கு நாற்பதாயிரம் புள்ளி வேகம் உள்ள கால்வோ செட். கையில் காசும் வைத்திருந்தேன். விற்றிருந்தால் உங்களுக்குத்தான் லாபம். அதற்குப் பதிலாக ஸ்டூல் எடுத்துப் போட்டு உட்கார வைத்து, காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினீர்கள். அதில் பாதி வேக செட்டே போதும்: இருபதாயிரம் புள்ளியை நொடிக்கு இருபத்தைந்து தடவையால் வகுத்தால் ஓர் உருவத்துக்கு 800 புள்ளி. நான்கைந்து எழுத்துக்கு அது தாராளம். அந்த வேகம் எந்தக் கோணத்தில் என்று கேட்காமல் எண்ணை நம்பாதே என்றும் சொன்னீர்கள். வழக்கமாக 8 டிகிரியில் அளப்பார்கள். படத்தைப் பெரிதாக விரித்தால் கண்ணாடி அதிக தூரம் ஓட வேண்டும், வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். 8 டிகிரி என்றால் ஐந்து மீட்டர் தள்ளி இருக்கிற சுவரில் சுமார் 70 சென்டிமீட்டர் அகலம்தான் வரும். இது தெரியாமல் கிளப் சுவர் முழுக்க நிரப்பப் போகிறேன் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். டிரைவர் போர்டுகள் இரண்டிலும் பெயின்ட்டால் குறி போட்டுக் கொடுத்தீர்களே, அது பெரிய உதவி. ஒவ்வொரு போர்டும் அதனதன் மோட்டாருக்கு ஏற்ப டியூன் செய்யப்பட்டது, மாற்றி மாட்டக் கூடாது என்று பிறகுதான் புரிந்தது.

கொருக்குப்பேட்டை லேத் பட்டறை மாமாவுக்கு: நான் இரண்டு ஓட்டை போட்ட தகடுதான் கேட்டேன். நீங்கள் ஓட்டைக்குப் பதிலாக நீள்வெட்டு போட்டுக் கொடுத்தீர்கள், “ஏத்தி இறக்கத் தோது வேணாமா?” என்று கேட்டுக்கொண்டே. லேசர் கதிர் முதல் கண்ணாடியின் நடுவில் பட்டு, அங்கிருந்து இரண்டாவது கண்ணாடியில் ஓரம் வெட்டுப்படாமல் விழ வேண்டும். அரை மில்லிமீட்டர் நகர்த்தியதில் படத்தின் ஒரு மூலை வருவதும் காணாமல் போவதுமாக இருந்த நாட்களில், அந்த நீள்வெட்டு இல்லையென்றால் பத்துத் தகடு வெட்டியிருப்பேன். கனமான அலுமினியத் தகடு என்பதால் சூடும் அதிலேயே இறங்கிவிடுகிறது. தகட்டுக்கான காசு மட்டும் வாங்கிக்கொண்டீர்கள். கூலி பாக்கி என்றுதான் என் நோட்டில் இருக்கிறது.

எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற எதிர் வீட்டுத் தங்கச்சி, சிக்னல் சர்க்யூட் உன்னுடையது. கம்ப்யூட்டர் சவுண்டு கார்டில் இருந்தே கால்வோவை ஓட்டிவிடலாம் என்று நினைத்திருந்தேன். அதன் வெளியீட்டில் கெபாசிட்டர் உட்கார்ந்திருக்கிறது, நிலையான வோல்ட்டேஜ் வெளியே வராது, படம் தானாக நடுவுக்கு நழுவும் என்று நீதான் கண்டுபிடித்தாய். எண்ணை வோல்ட்டேஜாக மாற்றும் எம்.சி.பி. 4922 சிப்பைப் போட்டு 4,096 படிகளில் வோல்ட்டேஜ் எடுத்தாய். டி.எல். 082 என்கிற பெருக்கி சிப்பை வைத்து அதை மைனஸ் ஐந்திலிருந்து பிளஸ் ஐந்து வோல்ட் வரை விரித்தாய். பரீட்சைக்கு முந்தின வாரம் அது. உன் அம்மா என்னைத் திட்டாததற்கு அவருக்கும் நன்றி.

இனி அக்காவுக்கு. கண் மருத்துவமனையில் வேலை பார்க்கிற அக்கா, உங்களிடம் முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும். மூன்று வாரம் என்னை லேசரை ஆன் செய்யவே விடவில்லை என்று உங்கள் மேல் கோபமாக இருந்தேன். கிளப்பில் பேசாமல்கூடப் போனேன். நான் வாங்கி வைத்திருந்த பச்சை லேசரின் லேபிளில் 5 மில்லிவாட் என்று போட்டிருந்தது. “லேபிள் எவன் வேணா ஒட்டலாம், அளந்துட்டு வா” என்றீர்கள். கல்லூரி லேபில் பவர் மீட்டரில் வைத்துப் பார்த்தால் அதைப் போலப் பல மடங்கு காட்டியது. அத்தோடு, மலிவான பச்சை லேசருக்குள் 808, 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்புக் கதிர்தான் பச்சையாக மாற்றப்படுகிறது, வடிகட்டி சரியில்லை என்றால் மிச்சம் கண்ணுக்குத் தெரியாமல் வெளியே வரும் என்றும் உங்களிடம்தான் தெரிந்துகொண்டேன். கண் சிமிட்டக் கால் நொடி ஆகும். ஒரு மில்லிவாட்டுக்குள் இருக்கிற வெளிச்சத்துக்கு அந்தச் சிமிட்டல் காப்பு. ஐந்துக்கு மேல், 500 மில்லிவாட் வரை இருக்கிற லேசர் வகுப்பில் சிமிட்டலை நம்ப முடியாது. தெரியாத கதிருக்கோ கண் சிமிட்டவே சிமிட்டாது.

அந்த லேசரை அன்றைக்கே பிரித்துப் போட்டுவிட்டேன். வெல்டிங் கண்ணாடி போட்டுக்கொண்டால் போதும் என்று நினைத்திருந்தவன் நான், நம் பக்கம் அது எல்லாப் பட்டறையிலும் கிடைக்கும் என்பதால். பச்சைக் கதிரின் 532 நானோமீட்டருக்கு என்று குறிப்பிட்டுச் செய்த கண்ணாடிதான் வேண்டும் என்று சொல்லி, வாங்கும் வரை விடவில்லை நீங்கள். ஸ்கேனர் கண்ணாடிகளைச் சரிபார்க்கிற வேலையெல்லாம் ஒரு மில்லிவாட்டுக்குள் இருக்கிற சிவப்பு லேசரில் செய்தோம். பச்சைக்கு அளந்து பார்த்து வாங்கிய வேறொன்று. சாவி போட்டால்தான் எரியும், சிவப்புப் பொத்தானைத் தட்டினால் அணையும். கண்ணாடி ஆடாமல் நின்றுவிட்டால் கதிரை உடனே வெட்டும் சர்க்யூட் ஒன்றும் இருக்கிறது. ஓடுகிற கதிரின் சக்தி சுவர் முழுக்கப் பரவிக் கிடக்கிறது, நின்ற கதிர் முழுச் சக்தியையும் ஒரே இடத்தில் இறக்கும். இது உங்கள் வாயிலிருந்து வந்து என் மண்டையில் ஏறக் கொஞ்ச நாள் பிடித்தது. கோபப்பட்டதற்கு எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன், அக்கா.

கேரம் கிளப் தம்பிகளுக்கு: வாரத்தில் இரண்டு ராத்திரி போர்டுகளைச் சுவரோரம் சாய்த்துவிட்டு ஹாலை எனக்கு விட்டீர்கள். டோர்னமென்ட் நேரத்திலும் விட்டீர்கள். கதிர் காற்றில் தெரிய வேண்டும் என்று நான் சொன்னபோது, பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் சாம்பிராணிக் கரண்டி வாங்கி வந்தது உங்கள் யோசனை. புகை எழுந்ததும் சுவரிலிருந்த வட்டம் கூம்பாக மாறி எங்கள் தலைக்கு மேலே பந்தல் மாதிரி நின்றதே, அந்த நிமிடம் எனக்குச் சாகும் வரை போதும். புகை கண்ணாடியில் படியும், காசிமேட்டுக் கடல் காற்றின் உப்பும் படியும். இப்போது ஸ்கேனருக்கு மூடிய பெட்டி செய்து, உள்ளே ஈரம் இழுக்கும் சிலிக்கா பொட்டலம் வைத்திருக்கிறேன். கால்வோ கண்ணாடியில் பூச்சு முன்பக்கம் இருக்கிறது. முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி பனியனால் துடைத்தால் போச்சு. அன்றைக்குக் கையைப் பிடித்துத் தடுத்த தம்பிக்குத் தனியாக ஒரு நன்றி.

ரயில் பெட்டி செய்கிற ஐ.சி.எஃப்.பில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரம்பூர்த் தாத்தாவுக்கு என்ன சொல்வது? சிக்னலைத் திரையில் அலையாகக் காட்டும் ஆசிலாஸ்கோப்பை இரவல் கேட்டு வந்தேன். ஸ்கோப்போடு நீங்களும் ஆட்டோவில் ஏறி வந்துவிட்டீர்கள். 1986-ல் தொடங்கிய சர்வதேச லேசர் காட்சிச் சங்கத்துக்குச் சுருக்கமாக இல்டா என்று பெயர். ஸ்கேனரைச் சரிபார்க்க அவர்கள் வைத்திருக்கிற சோதனைப் படத்தில் ஒரு சதுரமும் அதற்குள் ஒரு வட்டமும் வரும். சரியான வேகத்தில் டியூன் செய்திருந்தால் வட்டம் சதுரத்தின் நான்கு பக்கத்தையும் உள்ளிருந்து தொட்டுக்கொண்டு நிற்கும். எனக்கோ வட்டம் முட்டை மாதிரி வெளியே பிதுங்கியது, சதுரத்தின் மூலைகளில் கொக்கி முளைத்திருந்தது. போர்டில் இருக்கிற குட்டித் திருகுகளை நான் பாட்டுக்குத் திருப்பினேன். கால்வோ கீச்சென்று கத்தியது. என்னை முந்திக்கொண்டு நீங்கள் சுவிட்சை அணைத்தீர்கள். இன்னும் சில நொடி விட்டிருந்தால் மோட்டார் எரிந்திருக்கும்.

அப்புறம் ஊஞ்சலை வைத்துச் சொல்லிக் கொடுத்தீர்கள். தள்ளுகிற வேகம் ஒரு திருகு, பிடித்து நிறுத்துகிற கை இன்னொரு திருகு. பிடிப்பு குறைந்தால் ஊஞ்சல் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்த் திரும்பும், அதுதான் மூலையில் தெரிந்த கொக்கி. பிடிப்பு கூடினால் ஊர்ந்து ஊர்ந்து வரும், மூலை மழுங்கிவிடும். ஒரு திருகை மட்டும், கொஞ்சமே கொஞ்சம் திருப்பு, கையை எடு, பார். ராத்திரி பதினொன்றரைக்கு வட்டம் சதுரத்துக்குள் அமைந்தது. தாத்தா ஒன்றுமே பேசவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

எழுத்து அதற்குப் பிறகு. நம் எழுத்துக்கு ஸ்கேனர் பொருத்தமானது என்பது எனக்குப் பெரிய சந்தோஷம். கண்ணாடிக்கு எடை உண்டு, சட்டென்று முறிகிற மூலை அதற்குப் பிடிக்காது. ‘ட’ எழுத மூலையில் ஒரே புள்ளியை நாலைந்து தடவை போட்டு அதை நிற்க வைக்க வேண்டியிருக்கிறது. ‘றி’யின் சுழியில் தண்ணீர் மாதிரி ஓடுகிறது. ஆனால் ‘ன்’ மேலே இருக்கிற புள்ளி என்னை இரண்டு வாரம் படுத்தியது. எழுத்தை முடித்து, லேசரை அணைத்து, மேலே தாவி, மறுபடி எரிய வைக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் புள்ளிக்கு ஒரு வால் முளைத்தது. கட்டளை போன பிறகு கண்ணாடி போய்ச் சேரக் கொஞ்ச நேரம் ஆகிறது, அதற்குள் லேசர் எரிந்துவிடுகிறது என்று தங்கச்சி கண்டுபிடித்தாள். லேசர் சிக்னலைச் சில புள்ளிகள் தாமதமாக அனுப்பினோம், வால் போனது. கதிரை ஒரே இடத்தில் நிறுத்திப் புள்ளி வைக்க அக்கா சம்மதிக்கவில்லை. அதனால் ‘நன்றி’யில் நீங்கள் பார்த்தது புள்ளி இல்லை, கிட்டப் போய்ப் பார்த்தால் மிகச் சிறிய வட்டம்.

வருகிற ஞாயிறு ஏழு மணிக்கு அதே ஹாலில் மறுபடி போடுகிறேன். கதிர் சுவரில் தலைக்கு மேலே மட்டும்தான் போகும், வாசலுக்கோ வானத்துக்கோ போகாது. குழந்தைகளைக் கூட்டி வாருங்கள். போனில் படம் பிடிப்பவர்கள் சுவரைப் பிடியுங்கள், பெட்டி பக்கம் திருப்ப வேண்டாம், கேமரா கெட்டுவிடும்.

தாத்தா, ஸ்கோப்பை வெள்ளிக்கிழமை காலையில் நானே கொண்டுவந்து தருகிறேன். புரோபின் கிளிப் ஒன்று உடைந்துவிட்டது, புதிது வாங்கிப் பையில் வைத்திருக்கிறேன்.