டிட்டிகாக்கா கரையோரம் ஒரு பயணம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டிட்டிகாக்கா ஏரியின் கரையோரச் சாலை வழியே பெருவிலிருந்து பொலிவியாவுக்குச் செல்ல விரும்பும் வாசகர்களுக்காக, அவ்வழியே பயணம் செய்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,812 மீட்டர் உயரத்தில் உள்ள அந்த ஏரிக்கரையில் சில படிகள் ஏறினாலே மூச்சு வாங்கும். ஆகவே பெருவின் ஏரிக்கரை நகரான புனோவில் இரண்டு இரவுகளேனும் தங்கி, உடலைப் பழக்கிக்கொண்டு புறப்படுவதே நல்லது.

யுங்குயோவை அடுத்த கசானி எல்லையில் பேருந்தை விட்டு இறங்கி, பெரு அலுவலகத்தில் வெளியேறும் முத்திரையைப் பெற்ற பின்னரே நடந்து சென்று பொலிவியாவின் நுழைவு முத்திரையைப் பெற வேண்டும். என்னுடன் வந்த ஒருவர் முதல் முத்திரையை மறந்து திரும்பி ஓட நேர்ந்தது. கடிகாரத்தையும் ஒரு மணி நேரம் முன்னே நகர்த்த வேண்டும்.

பொலிவியாவின் ஏரிக்கரை ஊரான கோப்பகபானாவைக் கடந்து லா பாஸ் செல்லும் சாலை, டிக்கினா நீரிணையில் நின்றுவிடுகிறது. பயணிகள் சிறு படகில் கடக்க, நாங்கள் வந்த பேருந்து மரத்தெப்பத்தில் அசைந்தாடி வந்ததைக் கரையில் நின்று பார்த்த அந்தச் சில நிமிடங்களே இப்பயணத்தின் உச்சம் என்பேன்.

ஆனால் 2023இல் வறட்சியால் நீர்மட்டம் வெகுவாகத் தாழ்ந்து, படகுகள் தரைதட்டிக் கிடந்தன. லா பாஸை அடுத்த எல் ஆல்டோ நகரின் கழிவுநீரும் ஆற்றின் வழியே ஏரியில் கலக்கிறது. தங்கள் பயணப் பக்கங்களில் ஏரியின் அழகோடு இந்த நிலையையும் எழுதுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்