அந்த மாத்திரையை மறைக்க வேண்டாம், அப்பா

ஸ்கார்பரோ, கனடா,
18 ஜனவரி 2026, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நேற்று ராத்திரி முழுக்கப் பனி கொட்டியது. ஜன்னலுக்கு வெளியே வரிசையாக வெள்ளை மேடுகள்தான் தெரிகின்றன. எது யார் கார் என்று அடையாளம் தெரியவில்லை. நீங்கள் போன முறை ஜூனில் வந்து செப்டம்பரில் கிளம்பிவிட்டதால் இதையெல்லாம் பார்க்கவில்லை. பாப்பாவைத் தூங்கவைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். நான் நன்றாக இருக்கிறேன், ஆறாம் மாதம் நடக்கிறது. மே 20 வாக்கில் பிரசவம் இருக்கும் என்று டாக்டர் சொல்கிறார்.

வியாழக்கிழமை போனில் அப்பா சொன்னது மூன்று நாளாக மனதை விட்டுப் போகவில்லை. டிசம்பர் 9-ம் தேதி பிரஷர் மாத்திரையை 5 மில்லிகிராமிலிருந்து 10-ஆக டாக்டர் மாற்றினார் என்று சொன்னீர்கள். நீங்கள் மறுபடி இங்கே வருவதற்காக எடுக்கும் மருத்துவ இன்சூரன்ஸ் படிவத்தில் அதைக் கேட்பார்கள் என்றேன். "எழுதாமல் விட்டுவிடு. வேண்டுமானால் நான் பழைய டோஸுக்கே திரும்பிவிடுகிறேன்" என்றீர்கள். பாப்பா அழுதுகொண்டிருந்ததால் அப்போது சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. கடிதமாக எழுதினால் இரண்டு முறையாவது படிப்பீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில், தயவுசெய்து டோஸைக் குறைக்காதீர்கள். கையில் இருக்கும் மாத்திரையை டாக்டர் சொன்னபடியே போடுங்கள். உங்கள் உடம்புக்காகச் சொல்கிறேன். இன்சூரன்ஸ் கணக்கிலும் குறைத்தால் நமக்குத்தான் நஷ்டம், அது ஏன் என்று கீழே சொல்கிறேன்.

போன முறை பாலிசி வாங்கும்போது எல்லாவற்றையும் நானே நிரப்பினேன், உங்களுக்கு எதையும் விளக்கவில்லை. அது என் தப்பு. கனடாவில் வைத்தியம் இலவசம் என்ற எண்ணம் உங்களுக்கு இன்னும் இருக்கிறது. நாங்கள் பாப்பாவுக்குக் காய்ச்சல் என்று ராத்திரி எமர்ஜென்சிக்கு ஓடி, ஆறு மணி நேரம் காத்திருந்து, கடைசியில் பார்க்கிங் கட்டணம் மட்டும் கட்டிவிட்டு வந்த கதையைக் கேட்டவர்களுக்கு வேறெப்படித் தோன்றும்! ஆனால் அது எங்கள் கையில் இருக்கும், இந்த ஒன்டாரியோ மாகாணத்தின் ஹெல்த் கார்டுக்குக் கிடைக்கும் மரியாதை. அப்பாவுக்கு வரலாறு பிடிக்கும் என்பதால் ஒன்று சொல்கிறேன். அரசாங்கமே டாக்டர் செலவை ஏற்கும் இந்த ஏற்பாடு 1962-ல் சஸ்காச்சுவான் மாகாணத்தில் தொடங்கியது. அதை எதிர்த்து அங்கே டாக்டர்கள் 23 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பிறகு நாடு முழுக்கப் பரவி, 1984-ல் கனடா ஹெல்த் ஆக்ட் என்ற சட்டமாக நிலைபெற்றது. அந்தச் சட்டத்தில் காப்பீடு பெறுபவர் என்றாலே மாகாணத்தில் குடியிருப்பவர் என்றுதான் பொருள். பார்வையாளராக வருபவர்களுக்கு அதில் இடமில்லை. இங்கே இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோருக்கான சூப்பர் விசாவில் ஒரே தடவையில் ஐந்து வருடம்வரை தங்கலாம், அப்படித் தங்கினாலும் ஹெல்த் கார்டு கிடைக்காது.

ஆம்புலன்ஸிலிருந்தே வித்தியாசம் தொடங்கிவிடும். கார்டு இருக்கும் எனக்கு 45 டாலர், உங்களுக்கு 240 டாலர். இதுவாவது தாங்கக்கூடிய தொகை. ஆஸ்பத்திரியில் படுக்கை போட்டுவிட்டால் ஒவ்வொரு நாளும் ஆயிரக்கணக்கில் ஏறும். அதனால்தான் சூப்பர் விசாக்காரர்களுக்குக் குறைந்தது 1,00,000 டாலர் காப்பீடு, அதுவும் நாட்டுக்குள் நுழையும் நாளிலிருந்து ஒரு வருடத்துக்கு இருக்க வேண்டும் என்று அரசாங்கமே விதி வைத்திருக்கிறது. வைத்தியம், ஆஸ்பத்திரிச் செலவு, முடியாதவரைத் திருப்பி அனுப்பும் செலவு மூன்றும் அதில் அடங்க வேண்டும். ஒவ்வொரு முறை வரும்போதும் செல்லுபடியாகும் பாலிசி கையில் வேண்டும், விமான நிலையத்தில் அதிகாரி கேட்கலாம். பழைய விசா இன்னும் இருக்கிறதே என்று வெறுங்கையோடு வர முடியாது.

சரி, மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தப் பாலிசிகளில் ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கு ஒரு நிபந்தனை வைப்பார்கள். அந்த நோய் குறிப்பிட்ட நாட்கள் 'ஸ்டேபிளாக' இருந்திருக்க வேண்டும். கம்பெனியையும் வயதையும் பொறுத்து 90, 120, 180 நாள் என்று இருக்கும், சிலவற்றில் ஒரு வருடம்கூட. நீங்கள் நினைக்கும் ஸ்டேபிள் வேறு, அவர்கள் எழுதியிருப்பது வேறு. 'நான் நன்றாகத்தானே நடமாடுகிறேன், பிரஷரும் இப்போது கட்டுக்குள் இருக்கிறதே' என்பீர்கள். அவர்கள் பார்ப்பது அந்த நாட்களுக்குள் புது மருந்து சேர்ந்ததா, டோஸ் மாறியதா, புது அறிகுறி வந்ததா, முடிவு வராத டெஸ்ட் ஏதாவது பாக்கி இருக்கிறதா என்பதைத்தான். டோஸ் கூடினாலும் மாற்றம், குறைந்தாலும் மாற்றம், நிறுத்தினாலும் மாற்றம். இன்றைக்கு நீங்கள் பழைய 5-க்குத் திரும்பினால் நாள் கணக்கு முதலிலிருந்து ஆரம்பிக்கும். டிசம்பர் 9-லிருந்து நீங்கள் சேர்த்து வைத்திருக்கும் நாற்பது நாளும் வீண். அதே மருந்தை அதே அளவில் வேறு கம்பெனிப் பெயரில் வாங்கினால் மட்டும் பொதுவாக மாற்றமாக எடுப்பதில்லை.

மறைத்தால் என்ன ஆகும் என்று கேட்டீர்கள். உண்மையைச் சொல்லி, அந்த நோய் பாலிசியில் அடங்காமல் போனால், அந்த ஒன்றுக்குத்தான் பாதுகாப்பு இருக்காது. பனியில் வழுக்கி இடுப்பு முறிந்தால், நிமோனியா வந்தால், அதெல்லாம் அடங்கும். படிவத்தில் பொய் எழுதியது தெரிந்தால் பாலிசியையே செல்லாது என்று சொல்லிவிடலாம். பிரஷருக்குத் துளியும் சம்பந்தமில்லாத இடுப்பு எலும்புக்கும் காசு வராது. அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று நினைக்காதீர்கள். பெரிய பில் என்றால் ஊரில் இருக்கும் டாக்டரிடமிருந்து பழைய சீட்டுகளை வரவழைத்துப் பார்த்துவிட்டுத்தான் பணம் தருகிறார்கள்.

என்னோடு வேலை செய்யும் ஒரு பெண்ணின் வீட்டில் இது நடந்தது. அவள் அம்மா கிளம்புவதற்கு ஆறு வாரம் முன்னால் கால் வீக்கத்துக்கு ஒரு நீர் மாத்திரை சேர்த்திருக்கிறார்கள். கால் வீக்கம்தானே என்று யாரும் படிவத்தில் எழுதவில்லை. யாரும் வேண்டுமென்று மறைக்கவில்லை அப்பா, தோன்றவே இல்லை. வந்த மூன்றாவது வாரம் மூச்சுத்திணறல். இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். கால் வீக்கமும் மூச்சுத்திணறலும் ஒரே நோய், மருந்து மாறி 90 நாள் ஆகவில்லை என்று சொல்லிப் பணம் தர மறுத்துவிட்டார்கள். அம்மா பிழைத்து ஊருக்குப் போய்விட்டார்கள். இவள் இன்றைக்கும் ஆஸ்பத்திரிக்கு மாதத் தவணை கட்டிக்கொண்டிருக்கிறாள். தன் மகள் கட்டுகிறாள் என்பது அந்த அம்மாவுக்கு இன்னும் தெரியாது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் இதைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கிவிடும். வியாழக்கிழமை நீங்கள் பேசியதைக் கேட்டதும் எனக்கு அவள் முகம்தான் நினைவுக்கு வந்தது.

நல்ல செய்தி என்னவென்றால், நம் விஷயத்தில் மறைக்கவே அவசியமில்லை. காலண்டரை வைத்து நாள் எண்ணிப் பார்த்தேன். டிசம்பர் 9-லிருந்து 90 நாள் மார்ச் 9-ல் முடிகிறது, 120 நாள் ஏப்ரல் 8-ல். 180 என்றால்தான் ஜூன் 7 ஆகிவிடும். 90 அல்லது 120 நாள் கேட்கும் பாலிசியாக வாங்கி, ஏப்ரல் 26-ம் தேதி நீங்கள் வந்து இறங்கினால் உங்கள் பிரஷரும் உள்ளே வந்துவிடும், பிரசவத்துக்கும் மூன்று வாரம்போல இருக்கும். அதுவரை டோஸ் மாறக்கூடாது என்று டாக்டரிடம் போய் நிற்காதீர்கள். மாற்ற வேண்டியிருந்தால் மாற்றட்டும். உடனே எனக்குச் சொல்லுங்கள், டிக்கெட்டைத் தள்ளிக்கொள்வோம். நீங்கள் ஜூலையில் வந்தாலும் பேரக்குழந்தை இங்கேதான் இருக்கும்.

அம்மா, இது உனக்கு. சர்க்கரைக்கு மூன்று மாத டெஸ்ட் எடுக்கச் சொல்லி நவம்பரிலேயே சீட்டு கொடுத்தும் நீ போகவில்லை என்று தம்பி சொன்னான். "அங்கே போய்விட்டு வந்து பார்த்துக்கொள்கிறேன்" என்றாயாம். டாக்டர் எடுக்கச் சொல்லி எடுக்காத டெஸ்ட்டும் இந்தக் கணக்கில் ஒரு ஓட்டைதான். வருகிற சனிக்கிழமை, 24-ம் தேதிக்குள் டெஸ்ட் எடுத்து டாக்டரைப் பார்த்துவிடு. அன்றைக்கே மாத்திரையை மாற்றினாலும் ஏப்ரல் 26-க்குள் 92 நாள் ஆகிவிடும், 90 நாள் கேட்கும் பாலிசிக்கு அது போதும். ஒரு வாரம் தள்ளிப்போட்டால் 85 நாள்தான் வரும். நான் உன்னிடம் இதுவரை இப்படி நாள் குறித்துக் கேட்டதில்லை.

பணத்தைப் பற்றி அப்பா கவலைப்படுவது தெரியும். போன முறை ஒரு டாலர்கூடக் கேட்டு வாங்கவில்லை, கட்டியது அத்தனையும் வீண் என்றீர்கள். நீங்கள் நல்லபடியாகத் திரும்பியதை நான் வீண் என்று நினைக்கவே மாட்டேன். இந்தத் தடவை டிடக்டிபிள் என்ற ஒன்றை 1,000 டாலராக வைக்கப்போகிறேன். வைத்தியச் செலவில் முதல் 1,000-ஐ நாம் கட்டுவது, மீதியை அவர்கள் கட்டுவது. அதனால் பிரீமியம் குறையும். 1,000 என்றால் எங்களால் சமாளிக்க முடியும், 50,000 என்றால் முடியாது. ஆகவே குறைக்கிற இடத்தில் குறைத்து, காப்பீட்டுத் தொகையை 1,50,000-ஆக எடுக்கலாம் என்று உங்கள் மாப்பிள்ளையும் நானும் பேசி வைத்திருக்கிறோம். மாதத் தவணையாகவும் கட்டலாம். பல பாலிசிகளில், எதற்கும் பணம் கேட்காமல் முன்னதாகவே திரும்பிவிட்டால் மீதி மாதங்களுக்கான தொகை திரும்ப வரும். அப்படித் தருகிற பாலிசியாகப் பார்த்துத்தான் எடுப்பேன்.

இது அவசரத்துக்கான காப்பீடு மட்டுமே. வழக்கமான சர்க்கரைப் பரிசோதனை, கண்ணாடி, பல் சுத்தம் செய்வது, தினமும் போடும் மாத்திரை எதுவும் இதில் வராது. சொந்த உபயோகத்துக்கு 90 நாளுக்குமேல் மருந்து கொண்டுவர அனுமதி இல்லை. பெட்டியில் கொட்டிக் கலக்காமல், கடையில் கொடுத்த அட்டையோடும் டாக்டர் சீட்டோடும் எடுத்து வாருங்கள். அதற்குமேல் தங்கும் நாட்களுக்கு இங்கே ஒரு டாக்டரிடம் காசு கொடுத்துச் சீட்டு வாங்கிக்கொள்வோம், அதற்கு ஒதுக்கி வைத்துவிட்டேன்.

வந்த பிறகு உங்களிடம் எனக்கு ஒரே ஒரு பயம்தான். பிள்ளைக்குச் செலவு வைக்கக்கூடாது என்று வலியை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். அப்பாவுக்கு அது வழக்கம். நெஞ்சில் என்னவோ போலிருந்தால் நடுராத்திரியானாலும் எங்களை எழுப்புங்கள். நாங்கள் வீட்டில் இல்லையென்றால் அவசர உதவி எண்ணான 911-ஐக் கூப்பிடுங்கள், 'தமிழ்' என்று ஒரு வார்த்தை சொன்னால் மொழிபெயர்ப்பவரை இணைப்பார்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு 24 மணி நேர எண் ஒன்று உண்டு. ஆஸ்பத்திரியில் சேர்க்கும் முன்போ சேர்த்தவுடனோ அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும், இல்லாவிட்டால் தரும் பணத்தில் குறைப்பார்கள். அது என் வேலை. எண்ணைப் பெரிதாக எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவைக்கிறேன்.

படிவத்தை இந்தத் தடவை நான் தனியாக நிரப்பமாட்டேன். அடுத்த ஞாயிறு உங்கள் நேரம் மாலை ஏழு மணிக்கு வீடியோவில் வாருங்கள். ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் சொல்கிறேன், இருவரும் பதில் சொல்லுங்கள். இருபது வருடத்துக்கு முந்தைய ஆபரேஷனாக இருந்தாலும் சொல்லுங்கள், எழுத வேண்டுமா வேண்டாமா என்று ஏஜென்டிடம் கேட்டுக்கொள்ளலாம். அதற்கு முன்னால் இருவர் மாத்திரைகளையும் மேசைமேல் பரப்பி, தம்பியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மில்லிகிராம் அச்சிட்டிருக்கும் பக்கம் தெரிய வேண்டும். டிசம்பர் 9-ம் தேதிச் சீட்டையும் சேர்த்து அனுப்புங்கள் அப்பா.

அன்புடன்,
உங்கள் மகள்